"வளர்ற பிள்ளை, வளத்தி வந்தா வத்திரும்" – இதை நம்பலாமா?

கேள்வி: மதுரை அனுப்பானடியிலிருந்து ஒரு வாசகர், 8 ஜூன் 2025

என் மகனுக்கு 9 வயசு முடிஞ்சிருச்சு. உயரம் 132 செ.மீ., எடை 46 கிலோ. காய்ச்சல்னு காட்டப் போனப்ப டாக்டர் காய்ச்சலை விட்டுட்டு எடையைப் பத்தியே பேசினார். ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்க்கச் சொல்லிட்டார். "இதயத்துக்கு இப்பவே பார்த்துக்கணும்"னு வேற சொன்னார். என் மாமியார், "வளர்ற பிள்ளை, வளத்தி வந்தா தன்னால வத்திரும், பச்சப் பிள்ளைக்கு எதுக்கு ஊசி"ன்றாங்க. வீட்டுக்காரர் பரோட்டாவை நிறுத்துனாப் போதும்ன்றார். கோடை லீவுலயே நிறுத்திட்டோம், எடை குறையலை. 9 வயசுப் பிள்ளைக்கு ஹார்ட்டைப் பத்திப் பேசுறது ரொம்ப அதிகமாத் தெரியுது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

9 ஜூன் 2025

அதிகம் இல்லை. டாக்டர் சொன்ன பரிசோதனைகளை எடுத்துவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. இந்த மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு எடை பார்ப்பதும் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பதும் என் வேலை. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

உங்கள் பையனின் எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் (46 ÷ 1.32 ÷ 1.32) பி.எம்.ஐ. 26.4 வருகிறது. பெரியவர்களுக்கு இந்த எண் வந்தால் கொஞ்சம் சதை என்று விட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த அட்டவணை பொருந்தாது, வயதுக்கு வயது அளவு மாறும். 9 வயதுப் பையனுக்கு நடு அளவு 16-ஐ ஒட்டித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தை எடுத்தாலும், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் நம் பிள்ளைகளுக்கென்று போட்ட வரைபடத்தை எடுத்தாலும், 26 என்பது உடல் பருமன் கோட்டைத் தாண்டிய எண்.

தராசு இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 132 செ.மீ. பையனுக்கு 66. தையல் டேப்பை எடுத்து, மூச்சை இழுக்கச் சொல்லாமல், தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து அளந்து பாருங்கள். அரைஞாண் கயிறு கட்டுகிற வீடாக இருந்தால், போன வருஷத்தில் எத்தனை தடவை பத்தாமல் போய் மாற்றிக் கட்டினார்கள் என்று மாமியாரிடம் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும்.

இதயத்துக்கு வருகிறேன். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்து 1953-இல் ஓர் அறிக்கை வந்தது. சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயத் தமனிகளில் நோயின் தடம் தெரிந்தது. சாகும்வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருந்த பையன்கள். 22 வயதில் தடம் இருந்தால் அது எப்போது தொடங்கியது? அதைத் தேடித்தான் அமெரிக்காவின் லூசியானாவில் போகலூசா என்ற சிற்றூரில் 1973-இல் பிள்ளைகளை எடுத்து, வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். விபத்து போன்ற காரணங்களால் இறந்துபோன, 2 வயதிலிருந்து 39 வயது வரையான 204 பேரின் தமனிகளைப் பற்றி 1998-இல் வெளியிட்டார்கள். உடல் பருமன், ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, புகை என்று எத்தனை சேர்ந்திருந்ததோ அத்தனைக்கு அத்தனை தமனியின் உட்சுவரில் கொழுப்புக் கீற்றுகள் கூடுதல். பிள்ளைப் பருவத்திலேயே கீற்று இருந்தது.

அந்தக் கீற்று வலிக்காது. இந்த வயதில் மாரடைப்பு வரப்போகிறது என்று டாக்டர் பயமுறுத்தவில்லை. 40 வயதில் வருவதற்கு இப்போது அடித்தளம் விழுகிறதா என்று பார்க்கிறார்.

9 ஜூன், இரவு

பிரஷர் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையின் கைச் சுற்றுக்குப் பொருந்துகிற பட்டையாக இருக்க வேண்டும். சின்னப் பட்டையைப் பெரிய கையில் இறுக்கிக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஓடி வந்த உடனே பார்க்க விடாதீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டுப் பார்க்கட்டும். ஒரு தடவை கூடுதலாக வந்தால் உடனே கலங்க வேண்டாம், வேறு நாளில் மறுபடி பார்ப்பார்கள்.

12 ஜூன் 2025

பரோட்டா விஷயம். நிறுத்தியது நல்லதுதான். மைதா, எண்ணெய், மேலே ஊற்றுகிற சால்னா, எல்லாம் சேர்ந்து கனமான சாப்பாடு. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது அதைவிட மோசம். ஆனால் மதுரையில் எந்தப் பிள்ளை குண்டானாலும் பழியைப் பரோட்டாவின் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் சாப்பிடுகிற பண்டத்தை நிறுத்தினால், மீதி ஆறு நாள் நடப்பது அப்படியே இருக்கும்.

அதனால்தான் ஒரு நாள் முழுக்க அவன் வாயில் போனதையெல்லாம் எழுதச் சொன்னேன். கேள்வி கேட்ட அந்த அம்மா எழுதி அனுப்பிவிட்டார். அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன்.

காலையில் பாலில் சத்துபானத் தூள் இரண்டு கரண்டி, மேலே சீனி இரண்டு ஸ்பூன், கூட கிரீம் பிஸ்கட். பிறகு இட்லி, நாலு, ஊட்டிவிட்டது. பள்ளி இடைவேளைக்குப் பாக்கெட் சிப்ஸ். மதியத்துக்குத் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். நாலரை மணிக்கு வந்ததும் பேக்கரியில் பப்ஸ், கூட ஒரு சின்ன பாட்டில் கூல்டிரிங்க்ஸ். டியூஷன் முடிந்து வந்தால் மறுபடி அந்தப் பாலும் சீனியும். ராத்திரி ஒன்பதரைக்கு மூணு தோசை, டிவி பார்த்தபடி, அப்பத்தா கையால்.

இதில் பரோட்டா எங்கே இருக்கிறது?

சீனியை மட்டும் கூட்டிப் பார்ப்போம். உணவின் மொத்தச் சக்தியில் தனியாகச் சேர்க்கிற சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,700 கலோரி அளவு தேவை. அதன்படி 42 கிராம் உச்சம், 21 கிராம் நல்லது. பாலில் போட்ட சீனியே இரண்டு வேளைக்குமாக நாலு ஸ்பூன், 16 முதல் 20 கிராம். கோலா வகைகளில் 100 மி.லி.க்குப் பத்துப் பதினோரு கிராம் என்பதால், 250 மி.லி. பாட்டிலில் 25-க்கு மேல். அதோடே உச்சத்தைத் தொட்டாயிற்று. சத்துபானத் தூளில் இருப்பது, பிஸ்கட்டின் கிரீம் எல்லாம் அதற்கு மேல்.

இன்னொன்று: காய் எங்கே? உருளைக்கிழங்கைத் தவிர அந்த நாளில் ஒரு வெஞ்சனம் இல்லை. பழம் இல்லை. பருப்பு, பயறு இல்லை. 46 கிலோ இருக்கிற பிள்ளைக்கு ரத்தசோகையும் இருக்கலாம். ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

13 ஜூன்

"கூல்டிரிங்க்ஸை நிறுத்திட்டு பாக்கெட் ஜூஸ் கொடுக்கலாமா?" வேண்டாம். பழமாகக் கொடுங்கள். ஒரு தம்ளர் ஜூஸில் மூன்று பழத்தின் சர்க்கரை, நார் இல்லாமல் போகும். மூன்று ஆரஞ்சை உரித்துத் தின்னச் சொன்னால் இரண்டாவதிலேயே போதும் என்பான். கொய்யா இருக்கிறது. நம்மூரில் தள்ளுவண்டியில் கொய்யா கிடைக்காத தெரு எது?

15 ஜூன் 2025, ஞாயிறு

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் உறுத்திய வரி கூல்டிரிங்க்ஸ் இல்லை. "ஊட்டிவிட்டது" என்பதும் "டிவி பார்த்தபடி, அப்பத்தா கையால்" என்பதும்தான். ஒன்பது வயதுப் பையன்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

மாமியார் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பிள்ளைகள் தன்னால் வற்றுகிற ஒரு காலம் உண்டு. முதல் வருஷம் கொழுகொழுவென்று இருக்கும். நடக்க ஆரம்பித்ததும் சதை இறங்கும். இறங்கி இறங்கி, ஐந்து ஆறு வயதுக்கு வரும்போது பிள்ளை அதன் ஆயுளிலேயே மிக ஒல்லியாக இருக்கும், விலா எலும்பு தெரியும். அதற்குப் பிறகு பி.எம்.ஐ. மெதுவாக ஏறத் தொடங்கும். இது எல்லாப் பிள்ளைக்கும் உள்ள இயற்கை. இந்த ஏற்றம் ஆறு வயதை ஒட்டித் தொடங்க வேண்டியது, மூன்று நாலு வயதிலேயே தொடங்கிவிட்டால், பிற்காலத்தில் உடல் பருமன் வர வாய்ப்புக் கூடுதல் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, வற்ற வேண்டிய வயது தாண்டிவிட்டது. ஒன்பதில் இருக்கிற பையனுக்கு இனிமேல் தன்னால் வற்றும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த நாலு ஐந்து வயதில்தான் வீட்டில் கலவரம் தொடங்கும். "எலும்பும் தோலுமா ஆயிட்டான்", "கண்ணு பட்ருச்சு" என்பார்கள். சுத்திப் போடுவார்கள். பிறகு டானிக் வரும். சத்துபானம் வரும். சோற்றைப் பிசைந்து உருட்டி, தட்டு காலியாகும்வரை விடமாட்டார்கள். முன்பு நிலாவைக் காட்டி ஊட்டினார்கள், தெருவில் ஆட்டையும் நாயையும் காட்டி ஊட்டினார்கள். இப்போது செல்போன். படம் ஓடிக்கொண்டிருக்கும், வாய் திறக்கும், உருண்டை போகும். பிள்ளைக்கு என்ன தின்றோம், எவ்வளவு தின்றோம் என்பது தெரியாது.

பசி வந்தால் கேட்பது, வயிறு நிறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, இது பச்சைக் குழந்தைக்கே தெரியும். பால் குடித்து முடித்த குழந்தையை இன்னும் குடிக்க வைத்துப் பாருங்கள், முடியாது. அந்த அறிவை நாம் நாலு வருஷம் பாடுபட்டு அழித்துவிடுகிறோம். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று தினம் மூன்று வேளை. அப்புறம் ஒன்பது வயதில் "எப்பப் பார்த்தாலும் தீனி தீனின்னு அலையுறான்" என்று அவனையே திட்டுகிறோம். போதும் என்று அவன் வயிறு சொன்னபோது யார் கேட்டார்கள்?

மதுரைப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். எண்ணெயும் மைதாவும் சீனியும் பின்னால் வருகிற பேச்சு. என்ன சமைக்கலாம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு போதும் என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

16 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு மூன்று பேர் அந்த மாமியாரைத் திட்டியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

அவர் வயதுக்காரர்கள் எந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்தார்கள் என்று யோசியுங்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்தது சவலை பாய்ந்துவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் நாலு நாளில் பிள்ளை துவண்டு கிடக்கும். சதைப்பிடிப்பு உள்ள பிள்ளை பிழைத்தது, ஒட்டிப்போன பிள்ளை பிழைக்கவில்லை. அந்தக் கண்ணால் பார்த்து வளர்ந்த பயம் அது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எடையைக் கூட்டு என்பதுதான். அன்றைக்கு அது சரி. இன்றைக்கும் சில வீடுகளில் அது சரி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரே தெருவில், ஒரே வாரத்தில், எடை குறைந்த பிள்ளையும் எடை மிஞ்சிய பிள்ளையும் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, மாமியாரை எதிரியாக்கிக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளை அவர் கையில். டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும்.

21 ஜூன் 2025

"அரசுப் பள்ளியில வெறும் சோத்தைப் போட்டுத்தான் இந்த ஊர்ப் பிள்ளைங்க இப்படி ஆகுது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது.

காமராஜர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தபோது பசித்த பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் சத்துணவாக அதை விரித்தார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது, சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் பள்ளியில். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார். அதிகாலையில் வேலைக்குக் கிளம்பிவிடுகிற தாய்மாரின் பிள்ளைகள் அதுவரை டீயும் வர்க்கியுமாகப் பள்ளிக்குப் போனார்கள். வெறும் வயிற்றோடு போன பிள்ளைதான் இடைவேளைக்குக் கிடைத்ததை வாங்கித் தின்னும். காலையில் நேரத்துக்குச் சூடாகச் சாப்பிட்ட பிள்ளைக்கு அந்தத் தவிப்பு இல்லை.

பள்ளிச் சத்துணவில் தினம் முட்டை உண்டு. அளவான சோறு, சாம்பார், சுண்டல், முட்டை, கூடப் படிக்கிற பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, செல்போன் இல்லாமல், தன் கையால். அனுப்பானடிப் பையனின் நாளைவிட இது எவ்வளவோ மேல்.

சோறு மட்டும் கூடி, பருப்பும் காயும் குறைந்தால் கெடுதல்தான், அதை மறுக்கவில்லை. வீட்டில்தான் அது அதிகம் நடக்கிறது.

முட்டையின் மஞ்சள் கருவில் கொழுப்பு என்று எடுத்துப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் கொடுக்கிறவர்களுக்கு: வளர்கிற பிள்ளைக்கு முழு முட்டை கொடுங்கள். ரத்தக் கொழுப்பை ஏற்றுவதில் நெய், வனஸ்பதி, பாமாயில் பலகாரம் இவற்றுக்குத்தான் பெரிய பங்கு. வனஸ்பதியிலும் அது போட்ட பேக்கரிப் பண்டங்களிலும் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்குள் அடக்கவேண்டும் என்று 2022 ஜனவரியிலிருந்து நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற கடையில் எந்தச் சட்டம் எட்டிப்பார்க்கிறது? எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

22 ஜூன்

கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் கருத்துத் தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருக்கிறதா? எத்தனையோ அம்மாக்கள் அதை அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவும் தேங்காய் நாரும் போட்டுப் பிள்ளை அழ அழத் தேய்க்கிறார்கள். அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. இன்சுலின் அதிகம் சுரந்தும் உடம்பு அதற்குக் கட்டுப்படாமல் இருப்பதற்கான அறிகுறி. எடை இறங்கினால் நிறமும் மெல்ல இறங்கும். தேய்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

29 ஜூன் 2025

திருநகரிலிருந்து ஒரு தம்பி எழுதியது என்னை இரண்டு நாளாக யோசிக்க வைத்துவிட்டது. அவர் மகள் ஒல்லி. "எங்களுக்கு இந்தக் கவலை இல்லை" என்று எழுதிவிட்டு, கடைசி வரியில், தன் அப்பா 44 வயதில் மாரடைப்பில் போனதையும் தனக்கு 36 வயதிலேயே கொழுப்புக்கு மாத்திரை என்பதையும் சொல்லியிருக்கிறார்.

தம்பி, உங்கள் மகளுக்குத்தான் முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். கெட்ட கொழுப்பு மிக அதிகமாக இருப்பது சில குடும்பங்களில் பிறவியிலேயே வரும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கும் தொப்பைக்கும் தொடர்பில்லை. வீட்டு ஆண்களில் 55-க்கு முன்போ பெண்களில் 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளை எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் நல்ல மருந்து இருக்கிறது.

இந்த இழை முழுக்க எடையையே பேசிக்கொண்டிருப்பதால் ஒல்லிப் பிள்ளை வீட்டார் நிம்மதியாகிவிடக் கூடாது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு, ஈரல் போன்ற உறுப்புகள் சிறிது, ஆனால் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. எடை குறைந்து பிறந்து, பிறகு வேகவேகமாகத் தேற்றப்பட்ட பிள்ளைக்குச் சர்க்கரையும் இதய நோயும் வர வாய்ப்புக் கூடுதல். கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்தள்ளி இருக்கிற பெரியவர்களை நம் தெருவில் எத்தனை பேரைப் பார்க்கிறோம். 9-ஆம் தேதி சொன்ன இடுப்பளவு கணக்கை ஒல்லிப் பிள்ளைக்கும் போட்டுப் பாருங்கள்.

6 ஜூலை 2025

ஜிகர்தண்டாவைக் குறை சொன்னதற்கு இவ்வளவு கோபமா! நான் சொல்லவே இல்லை, இந்த இழையில் வேறொருவர் சொன்னார். இருந்தாலும் சொல்கிறேன்.

சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். கோடையில் விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனால் பிள்ளைக்கு ஒரு தம்ளர் வாங்கிக் கொடுப்பதில் ஒன்றும் குடி முழுகாது. அழகர்கோயில் தோசையை நெய் சொட்டுகிறது என்று யாராவது வேண்டாம் என்பார்களா? அதைத் தின்ன மலையடிவாரம் போக வேண்டும், கும்பிட வேண்டும், கிடைப்பதை எல்லாரும் பங்கிட்டுத் தின்ன வேண்டும். பருத்திப்பால், பணியாரம், முள்ளு முருங்கை அடை என்று சாயங்காலத் தீனிக்கு நம்மூரில் பஞ்சமே இருந்ததில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருந்தது, ஒரு நாள் இருந்தது. சித்திரைத் திருவிழாவில் பானகம் குடித்து யாரும் குண்டானதில்லை.

திருவிழா தினம் வந்தால்தான் சிக்கல். வீட்டில் பிறந்தநாள், தெருவில் பிறந்தநாள், வகுப்பில் முப்பது பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் கேக்கும் சாக்லேட்டும். கைபேசியில் தட்டினால் ராத்திரி பதினொரு மணிக்கும் பிரைடு ரைஸ் வாசலுக்கு வருகிறது. தூங்காத ஊர் என்று நமக்குப் பெருமை. பிள்ளைகள் தூங்க வேண்டும். 6 வயதிலிருந்து 12 வயது வரை 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் குறைகிற பிள்ளைக்கு மறுநாள் பசி கூடும், அந்தப் பசி கீரையைக் கேட்காது.

20 ஜூலை 2025

பள்ளி வாசல் கடைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டுவிட்டது. இந்த மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பலகை வைக்கச் சொல்லியிருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று இந்த இரண்டையும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் எடுபடாது, பத்துப் பேர் கேளுங்கள்.

வாசலில் இருக்கிற எல்லாரையும் விரட்டச் சொல்லவில்லை. கூடையில் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் அவித்த கடலையும் விற்கிற அப்பத்தா அங்கேயே இருக்கட்டும். உப்பை மட்டும் குறைத்துத் தூவட்டும். சரம் சரமாகத் தொங்குகிற ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள்தான் போக வேண்டும். உப்பைப் பற்றிப் பெற்றோர் நினைப்பதே இல்லை. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். சிப்ஸ், அப்பளம், ஊறுகாய், நூடுல்ஸ் மசாலா என்று பிள்ளை அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். பிரஷர் ஏறுவதற்கு அது நேர்வழி.

சத்துபானம் பற்றி ஒரு வரி. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இவற்றை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் இணையக் கடைகள் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? வெறும் பால் போதும். பிள்ளை முரண்டு பிடித்தால் கேழ்வரகை முளைகட்டி வறுத்துத் திரித்துக் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். ஆடி பிறந்துவிட்டது, மாரியம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழை வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிற பிள்ளைதான் வீட்டில் அதே கேழ்வரகை வேண்டாம் என்கிறது. கூட நாலு பிள்ளைகள் குடித்தால் குடிக்கும்.

21 ஜூலை

"விளையாட விட்டாலே கரைஞ்சிரும்" என்பவர்களுக்கு. தினம் 60 நிமிஷம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. எடை இறங்காவிட்டாலும் இதயத்துக்கு அது நல்லது. ஆனால் அந்தச் சின்னக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கரைக்கவே அரை மணிக்கு மேல் விரசாக நடக்க வேண்டும். வாயைக் கவனிக்காமல் காலை மட்டும் நம்பினால் பிள்ளை சோர்ந்துபோகும்.

எங்கே விளையாடுவது என்ற கேள்வி நியாயமானது. தெருவில் பைக் நிற்கிறது. கண்மாய்க் கரையெல்லாம் வீடாகிவிட்டது. தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் நடக்கலாம். ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் டியூஷனில் ஒரு நாளைக் குறைத்துவிட்டு மொட்டை மாடியில் கயிறு தாண்டவாவது விடுங்கள்.

10 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். பையனின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு கூடுதல், நல்ல கொழுப்பு குறைவு, ஸ்கேனில் ஈரலில் கொழுப்புப் படிவு. சர்க்கரை இல்லை. பிரஷர் மேல்விளிம்பில். மருந்து எதுவும் தரவில்லை.

அழுதுகொண்டே எழுதியது தெரிகிறது. அழ வேண்டாம். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிள்ளைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சின்ன வயதில் குண்டாக இருந்து, பெரியவரானபோது உடல் பருமன் இல்லாமல் ஆனவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு, கழுத்துத் தமனி தடிப்பு எல்லாம், எப்போதுமே ஒல்லியாக இருந்தவர்களை ஒத்தே இருந்தது. ஒன்பது வயதில் தெரிந்துகொண்டது நல்லதற்குத்தான்.

அவனைப் பட்டினி போடாதீர்கள். பத்திய உணவு, எடை குறைக்கிற பவுடர் எதுவும் வேண்டாம். இன்னும் வளரப் போகிற பிள்ளை. எடையை இருக்கிற இடத்தில் நிறுத்தி வைத்தாலே உயரம் ஏற ஏறக் கணக்குச் சரியாகும்.

அவனுக்குத் தனித் தட்டு, தனிச் சமையல் வேண்டாம். வீடு முழுக்க மாறட்டும். பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைப்பதற்குப் பதில் வாங்காமலே இருங்கள். தட்டில் பாதி காயும் கீரையும் பருப்பும், மீதியில் சோறு. சாயங்காலம் வந்ததும் பசிக்கும், அது உண்மையான பசி; சுண்டலோ அவித்த கடலையோ தயாராக இருந்தால் பேக்கரிக்குக் கால் போகாது. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். டிவியும் செல்போனும் சாப்பிடும் இடத்தில் கிடையாது, அப்பாவுக்கும் கிடையாது.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். "குண்டா" என்று யாரும் கூப்பிட விடாதீர்கள். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளிச் சிரிப்பார்கள். அவன் முன்னால் எடையைப் பற்றிப் பேசாதீர்கள். கேலிக்கு அஞ்சுகிற பிள்ளை விளையாடப் போகாது, ஒளிந்துகொண்டு தின்னும். எங்கள் மையத்தில் படித்துப் போன ஒரு பெண், எட்டாம் வகுப்பில் இந்தக் கேலிக்குப் பயந்து காலைச் சாப்பாட்டை விட்டு, மயங்கி விழுந்து தூக்கிவந்தார்கள். நல்ல ஓட்டக்காரி.

5 அக்டோபர் 2025

அனுப்பானடியிலிருந்து செய்தி. பையன் 134 செ.மீ., எடை அதே 46 கிலோ. "ஒரு கிலோகூட இறங்கலையே" என்று வருத்தம்.

கணக்குப் போடுங்கள்: 25.6. நாலு மாதத்துக்கு முன் 26.4. ஏறிக்கொண்டே போனது நின்று இறங்கத் தொடங்கியிருக்கிறது, அதுவும் பிள்ளை பட்டினி கிடக்காமல். இடுப்பளவு மூன்று செ.மீ. குறைந்திருப்பதை நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய செய்தி. வயிற்றைச் சுற்றி இருக்கிற கொழுப்புதான் ஈரலுக்கும் தமனிக்கும் போகிறது.

அவனே தன் கையால் சாப்பிடுகிறான், மூன்றாவது தோசையைப் பாதியில் வைத்துவிட்டுப் போதும் என்று எழுந்துவிட்டான், அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துப் போனார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தீபாவளி வருகிறது. பலகாரம் செய்யுங்கள். அளவாகச் செய்து, அக்கம்பக்கம் கொடுத்து, இரண்டு மூன்று நாளில் டப்பா காலியாகட்டும். மறு பரிசோதனை டிசம்பரில் என்றால் வெறும் வயிற்றோடு காலையிலேயே போங்கள், அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரரும் பிரஷரும் கொழுப்பும் பார்த்துக்கொள்ளட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் நாலு பேர் எடை மிஞ்சியவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது, அதனால் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த எண்களை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.